மாதா கோயிலும் மிஷன் டாக்டரும்

கொடைக்கானல் என்ற ஊர் பிறந்ததே நோய்க்குப் பயந்துதான். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்களைக் காலராவும் காய்ச்சலும் வாட்டி எடுத்தன. பாதிரிகள், மனைவிமார், கைக்குழந்தைகள் என்று கல்லறைகள் பெருகின. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. கடைசியில் பழனி மலைமீது ஏறி, 1845-இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களா கட்டிக்கொண்டார்கள்.

இயேசு தொட்டுக் குணமாக்கிய கதைகளை மதுரை வீதிகளில் சொன்னவர்கள், தங்களுக்கு நோய் வந்ததும் மலைக்கு ஓடினார்களே என்று கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் வந்த கால்வின் மரபில், அற்புதங்களின் காலம் அப்போஸ்தலர்களோடு முடிந்தது என்பதே பரவலான கொள்கை. நல்ல காற்றும் மருந்தும்தான் கடவுள் விட்டுவைத்த வழி. பெரியகுளம் பக்கத்திலிருந்து, மூங்கில் கழியில் கட்டிய நாற்காலியில் அவர்களைக் கூலியாட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சுமையை இறக்கிவிட்டு அந்த ஆட்கள் திரும்பியது அதே அடிவாரக் காய்ச்சலுக்கு. மலைக்காற்றை அவர்களுக்கு யாரும் மருந்தாக எழுதிக் கொடுக்கவில்லை.

அமெரிக்கர்கள் பங்களா கட்டிய மறு வருடம், 1846 செப்டம்பர் 19 அன்று, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்ற இடத்தில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள், அழுதுகொண்டிருந்த மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். அங்கிருந்த சுனைத் தண்ணீரைக் குடித்துக் குணமானோம் என்று பலர் வந்தார்கள். கிரெனோபிள் ஆயர் விசாரித்து ஏற்றுக்கொள்ள 1851 ஆயிற்று. அந்த மாதாவைத்தான் பிரெஞ்சு இயேசு சபைக் குரு லூயி செயின்ட் சிர் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார். 1866-இல் எழுந்தது சலேத் மாதா கோயில். ஆகஸ்ட் நடுவில் திருவிழா, தேர்ப்பவனி. அற்புதம் முடிந்துபோனது என்றவர்களும் முடியவில்லை என்றவர்களும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள்.

ரோமாபுரியும் லேசில் நம்பிவிடாது. லூர்து நகரில் 1883 முதல் இதற்கென்றே மருத்துவ அலுவலகம் இருக்கிறது. 7,000-க்கும் மேற்பட்ட குணமாதல்கள் பதிவாகியும், திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். நம் ஊரில் இந்தக் கண்டிப்பு செல்லாது. வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் செய்து காணிக்கை வைப்பவரிடம் யார் மருத்துவ அறிக்கை கேட்கிறார்கள்? அவர் நேர்ந்துகொண்டார், சுகமானது, கடனைத் தீர்க்க வந்திருக்கிறார். அதோடு விவகாரம் முடிந்தது. கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில், பழனியில், சித்தர் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்று ஜனங்கள் நம்பும் தண்டாயுதபாணியே ஒரு மருந்து. அவர் மேல் வார்த்த தீர்த்தமும் மருந்து.

ஏழையின் கணக்கு ஒன்று இதில் இருக்கிறது. இறையியல் நூல்களில் இதை நான் அதிகம் பார்த்ததில்லை. நேர்த்திக்கடனைச் சுகமான பிறகு செலுத்தினால் போதும். டாக்டருக்கோ முன்னாலேயே பணம், வண்டிக்கூலி, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி. வறுமையால் வரும் மூடநம்பிக்கை என்று இதை ஒரே வார்த்தையில் தள்ளும் மேல்நாட்டுப் பண்டிதர்கள் அந்தக் கூலியைக் கூட்டிப் பார்க்கவில்லை.

மிஷன் டாக்டர்களை ஆதரிக்கவும் சமயம் தடையாக இல்லை. மதுரையில் பிராங்க் வான் ஆலன் எழுப்பிய மருத்துவமனைக்கு உள்ளூர் ஜமீன்தார்கள் பணம் கொடுத்தார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். கைராசிக்கார டாக்டர் எந்தச் சபையாக இருந்தால் என்ன? கொடைக்கானல் மருத்துவமனை இன்றும் வான் ஆலன் பெயரில்தான் இருக்கிறது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் கடைசிக் காலத்தில் தங்கியதும், 1960-இல் கண் மூடியதும் கொடைக்கானலில்தான்.

மலையிறங்கினால் ஒட்டன்சத்திரம். 1955-இல் டாக்டர் தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் அங்கே தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை, பட்டணத்தில் சம்பாதிக்கக்கூடிய டாக்டர்கள் கிராமத்துக்கு வந்து நடத்தியது. இப்படிப்பட்ட மிஷன் மருத்துவமனைகளில் கத்தி எடுக்கும் முன் ஜெபம் செய்வது வழக்கம். ஜெபித்துவிட்டு ஊசியைக் கொதிக்க வைக்காமல் விட்டதில்லை.

மூங்கில் நாற்காலிப் பாதையை மோட்டார் சாலை எப்படி விழுங்கியது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)