மருந்து டப்பாவின் முக்கோணம் மீன் குட்டைக்குப் பொருந்தாது

பூச்சிமருந்து டப்பாவில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் பாலூட்டிகளுக்கு அம்மருந்து எவ்வளவு நச்சு என்பதைக் காட்டுபவை. பச்சை இருப்பதால் குட்டை நீரில் கலக்கலாம் என்று பொருளில்லை. நீர்வாழ் உயிர்களுக்கான நச்சு தனியே சோதிக்கப்படுகிறது.

இதற்குப் பெரிதும் பயன்படுவது டாப்னியா எனும் நீர்த்தெள்ளு. மீன் குஞ்சுகளுக்கு நல்ல தீனி இது. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை, ஒவ்வொரு மருந்து அளவிலும் குறைந்தது 20 வீதம் விட்டு, 48 மணி நேரம் தீனியின்றி வைப்பார்கள். பாத்திரத்தை மெல்ல அசைத்த பின் 15 விநாடிக்குள் நீந்தாதவை முடங்கியவை. பாதிக் குஞ்சுகளை முடக்கும் அளவே முடிவு. மருந்தில்லாத நீரிலேயே 10 சதவீதத்துக்கு மேல் முடங்கினால் சோதனை செல்லாது.

டைஃப்ளூபென்சுரான் புழுக்கள் தோல் உரிப்பதைக் கெடுக்கும் மருந்து. பாலூட்டிகளுக்கு நச்சு குறைவு. நீர்த்தெள்ளும் தோல் உரித்தே வளர்வதால், லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தாலே முடங்கிவிடும். இமிடாகுளோபிரிட் கதை வேறு: டாப்னியா ஓரளவு தாங்கும், இரத்தப்புழு தாங்காது. அதனால் ஒரே உயிரின் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

மருந்து தெளித்தவுடன் வயல்நீரைக் குட்டைக்கு வடிக்காதீர்கள். தெளிப்பானை வாய்க்காலில் கழுவ வேண்டாம். குட்டை ஓரத்தில் சில மீட்டர் தெளிக்காமல் விடுங்கள். டப்பாவுடன் வரும் துண்டுப்பிரசுரத்தில் மீன் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.