பழைமைக்கு விலை வைத்தவர் யார்?

ஒரே வடிவினவான இரு பேஸ் கிற்றார்களை எண்ணிப் பார்ப்போம். இரண்டிற்கும் நான்கு தந்திகள். இரண்டின் தந்தி நீளமும் 34 அங்குலம். இரண்டும் எழுப்புவன ஒரே சுரங்களே. ஒன்று 1950களில் அமெரிக்காவிற் செய்யப்பட்டது. இன்று அதனை வாங்கப் பத்தாயிரம் டொலருக்கு மேலும் வேண்டும். மற்றையது அண்மையில் ஆசியத் தொழிற்சாலையொன்றிற் செய்யப்பட்டது. சில நூறு டொலருக்குக் கிடைக்கும். முன்னையதிலேயே உயிர் இருக்கிறது, பின்னையது வெறும் போலி என்று கூறுவோர் பலர். இக்கூற்றை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும். கலைக்குரிய கருவி யாருக்குச் சொந்தம் என்னும் வினா இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

பேஸ் என்பது கூட்டிசையின் அத்திவாரம். கேட்போர் அதனைத் தனியே கவனிப்பது அரிது. அதனை நீக்கிவிட்டாலோ பாட்டு முழுவதும் ஆட்டங்கண்டுவிடும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இப்பணியைப் பெரிதும் செய்து வந்தது ஆளுயரத்துக்கு மேற்பட்ட டபிள் பேஸ் என்னும் கருவி. அதனை இழைத்துச் செய்யத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் நடனக்குழுக் கலைஞனுக்கு அது பெருஞ் சுமை. அவ்வளவு பாடுபட்டுச் சுமந்து சென்றாலும், ஊதுகருவிகளும் முழவுகளும் அதிரும் மண்டபத்தில் அதன் ஒலி எடுபடுவதில்லை. 1930களில் சியாற்றில் நகரத்துப் போல் டட்மார்க் என்பவர் மின்விசையால் ஒலிக்கும் பேஸ் ஒன்றைச் செய்து விற்க முயன்றார். அது பரவவில்லை.

1951 இல், கலிபோர்ணியாவின் புலேர்ட்டன் நகரில், லியோ பெண்டர் இச்சிக்கலுக்கு வழி கண்டார். 1909 இற் பிறந்த இவர் வானொலிப் பெட்டி திருத்துபவராகத் தொழில் தொடங்கியவர்; கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். ஆதலால் மரபுக்கு அஞ்சவேண்டிய தேவை அவருக்கிருக்கவில்லை. குடைந்தெடுத்த வயிறு வேண்டாம், தட்டையான மரப்பலகை போதும் என்றார். கழுத்தை நான்கு திருகாணிகளாற் பூட்டினார். பழுதானால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். வீணைக்கு உள்ளதுபோல மெட்டுகளை அமைத்தார். விரல் பதியுமிடத்திற் சுரம் பிசகாது நின்றது. துல்லியம் என்னும் பொருள்படப் ‘பிறிசிஷன் பேஸ்’ என்று பெயரிட்டார். விலை ஏறத்தாழ 200 டொலர். லயனல் ஹம்ப்டன் குழுவில் மங்க் மொன்கொமெரி இதனை வாசிக்கத் தொடங்கிய காலத்திலும், இதனை ஓர் இசைக்கருவியாக ஏற்கத் தயங்கியோர் இருந்தனர்.

இங்கு ஓர் உண்மையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இன்று பூசிக்கப்படும் அப்பழைய பேஸ், பிறந்தபோது டபிள் பேஸுக்கு மாற்றாக வந்த மலிவான புதுக்கருவியே. பெருந்தொகையாகவும் விரைவாகவும் செய்வதற்கென வகுக்கப்பட்ட பொருள் அது.

அதனைச் செய்தோர் யார்? புலேர்ட்டன் தொழிற்சாலையில் மெக்சிக்க வழிவந்த தொழிலாளர் பலர் வேலை செய்தனர். 1956 இல் அங்கு சேர்ந்த அபிகேல் இபாரா என்னும் பெண், தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தங்களின்மேல் மயிரிழையன்ன செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றினார். தடேயோ கோமெஸ் என்னும் தொழிலாளி கழுத்துகளை இழைத்து, அவற்றின் அடியில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பென்சிலால் எழுதினார். பூட்டிய பின் எவர் கண்ணுக்கும் படாத இடம் அது. இன்று வணிகர் அத்திருகாணிகளைக் கழற்றி அவ்வெழுத்துகளைத் தேடுகின்றனர்; கண்டதும் விலையை உயர்த்துகின்றனர். கூலிக்கு உழைத்தவனின் அடையாளம் தரகனின் முதலாகிவிட்டது!

வாசித்தவரின் கதையும் இத்தகையதே. மோட்டார் வண்டித் தொழிலின் தலைநகரான டெற்றோயிற்றில், அத்தொழிற்சாலையொன்றில் முன்னர் கூலிவேலை செய்த பெறி கோர்டி, 1959 இல் 800 டொலர் கடன் பெற்று மோற்றவுண் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு அத்திவாரமிட்டவர் ஜேம்ஸ் ஜாமர்சன். தென் கரோலினாவில் 1936 இற் பிறந்த இக் கறுப்பினக் கலைஞர் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டினார். 1962 ஆம் ஆண்டுப் பிறிசிஷன் பேஸ் அவர் கையில் இருந்தது. தந்திகளை அவர் மாற்றுவதில்லை. அது அவருக்கு அரும்பொருளன்று. தச்சனுக்கு உளி போன்ற தொழிற்கருவி. உலகமே அவர் வாசிப்புக்கு ஆடியது. இசைத்தட்டு உறைகளிலோ அவர் பெயர் இல்லை. 1971 இல் மார்வின் கேயின் இசைத்தட்டு வெளிவந்தபோதே அப்பெயர் முறையாக அச்சேறியது. 1983 இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னர் அக் கருவியும் களவு போயிற்று.

ஜாமர்சனின் நாதம் எங்கிருந்து வந்தது? மரத்திலிருந்தும் காந்தத்திலிருந்தும் ஒரு பகுதி வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் டபிள் பேஸிற் பழகிய விரலும், ஜாஸ் இசையிற் பண்பட்ட செவியும் இன்றேல் அப்பலகை என்ன பேசியிருக்கும்?

1965 இல் சீ. பீ. எஸ். என்னும் பெருநிறுவனம் பெண்டர் தொழிலை 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 1970களின் கருவிகளிற் செய்நேர்த்தி குன்றியதென்று வாசிப்போர் குறைகூறினர். அக்குறைகூறலிற் பெரும்பகுதி உண்மையே. இதன்பின்னரே ‘1965 க்கு முற்பட்டது’ என்னும் சொற்றொடர் மந்திரம்போலாயிற்று. இதே காலத்தில் யப்பானியத் தொழிற்சாலைகள் பழைய அமைப்புகளை நுணுகிக் கற்றுச் செம்மையான பிரதிகளைச் செய்தன. வேறு வழியின்றிப் பெண்டர் நிறுவனமே 1982 இல் யப்பானில் உற்பத்தியைத் தொடங்கி, ஸ்குவையர் என்னும் பெயரில் மலிவான கருவிகளை வெளியிட்டது. இதிலும் வேடிக்கை உண்டு: அன்றைய அந்த மலிவுக் கருவிகளையும் இன்று சேகரிப்போர் தேடி அலைகின்றனர். மலிவும் பழைமையும் பொருளின் இயல்புகளல்ல. சந்தையும் காலமும் இட்ட பெயர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய கருவிகளெல்லாம் சிறந்தவை என்பதும் முழு உண்மையன்று. கையாற் சுற்றிய கம்பிச் சுருள்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. நல்லவற்றை மக்கள் பேணினர். மற்றவற்றுட் பல கழிந்துபோயின. எஞ்சியவற்றைக் கொண்டு அக்காலம் முழுவதையும் அளக்கின்றோம். இன்று கணினி இயக்கும் பொறிகள் மலிவான கருவியின் மரத்தையும் பிசகின்றி அறுக்கின்றன. வேறுபாடு உண்டு, விலையிலுள்ள வேறுபாட்டளவுக்கு இல்லை.

ஆயினும் புதியதன் மலிவைக் கண்டு மகிழ்ந்து நின்றுவிடலாகாது. அம்மலிவுக்கும் யாரோ விலை கொடுக்கின்றனர். உலகின் பெயர்பெற்ற பல நிறுவனங்களுக்குக் கிற்றார் செய்துகொடுத்த தென்கொரியாவின் கோர்ட் நிறுவனம், 2007 இல் உள்நாட்டுத் தொழிலாளரை வெளியேற்றித் தொழிற்சாலைகளை மூடியது. உற்பத்தி இந்தோனேசியாவிலும் சீனாவிலும் நடந்தது. அத்தொழிலாளர் சளைக்கவில்லை. அயல்நாட்டு இசைக்கருவிச் சந்தைகளின் வாயிலிலும் நின்று நியாயம் கேட்டனர். வாழ்நாளெல்லாம் கிற்றார் செய்தும் அதனை வாசித்தறியாத சிலர், போராட்டக் களத்திலே வாசிக்கப் பழகி இசைக்குழுவும் அமைத்தனர். 2019 இலேயே உடன்பாடு ஏற்பட்டது.

செய்தவன் வாசிக்க இயலாமையும், வாசிப்பவன் வாங்க இயலாமையும் ஒரே நோயின் இரு குறிகள். கண்ணாடிப் பெட்டியில் பூட்டப்பட்ட 1950களின் பேஸ், தான் எந்த ஏழைக் கலைஞனுக்காகப் பிறந்ததோ அவனிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. சில நூறு டொலர் சேர்த்துப் புதுக்கருவி வாங்கும் இளைஞன் நாணவேண்டியதில்லை. 1951 இன் மெய்யான வாரிசு அவன் கையிலிருக்கும் கருவியே. அதனைச் செய்த கைகளுக்கு உரிய கூலி கிடைத்ததா என்று கேட்கவும் அவன் பழகிக்கொள்வானாயின், அவன் எழுப்பும் கீழ்ச்சுரம் பழைய எந்தக் கருவியின் நாதத்துக்கும் தாழ்ந்ததாகாது.