தடைசெய்யப்பட்ட மொழியும் அம்மம்மாவின் வட்ஸ்அப்பும்

1998 பெப்ரவரியில் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்துக்குள், அதன் ரேடியோ சிஸ்டம்ஸ் பிரிவில், ஓர் உத்தரவு வந்தது. எர்லாங் என்ற கணினி மொழியைப் புதிய தயாரிப்புகளில் இனிப் பயன்படுத்தக் கூடாது. அந்த மொழியை உருவாக்கியதே எரிக்சன்தான். பத்து வருடத்துக்கும் மேலான உழைப்பு. அதில் எழுதிய மிகப் பெரிய கருவி ஒன்று அந்த வருடம்தான் வெளியே வந்தது. இருந்தும் வேண்டாம் என்றார்கள்.

இன்று உங்கள் அம்மம்மா காலையில் ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் சேர்த்து அனுப்பும் பூப்படம் வட்ஸ்அப்பின் சேர்வர்களைத் தாண்டித்தான் உங்களிடம் வருகிறது. அந்த சேர்வர்களை நடத்துவது எர்லாங். எரிக்சன் ஒதுக்கிவைத்த மொழி எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் இந்த முறை எழுதப்போகிறேன். அந்த மொழிக்குள் ஒரு பிடிவாதம் இருக்கிறது: ஒரே கணினிக்குள் ஓடும் வேலைகள் ஒன்றின் பொருளில் மற்றது கைவைக்கக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் செய்தி அனுப்பு.

ஏன் அப்படி? கணினி படிக்கிறவர்கள் அடுத்த மூன்று பந்திகளைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு ஒரு கோயில் திருவிழா.

அர்ச்சனைச் சீட்டு விற்க ஒரு மேசை, இரண்டு பேர், ஒரே ஒரு கணக்குக் கொப்பி. இதுவரை 200 சீட்டு விற்றாயிற்று என்று அதில் இருக்கிறது. நீங்கள் 10 சீட்டு விற்கிறீர்கள். அதே நேரம் உங்கள் மச்சான் 5 விற்கிறார். இரண்டு பேரும் கொப்பியைப் பார்த்து 200 என்று மனதில் எடுத்துக்கொள்கிறீர்கள். நீங்கள் 210 என்று எழுதுகிறீர்கள். அடுத்த செக்கன் மச்சான் அதை வெட்டிவிட்டு 205 என்று எழுதுகிறார். 10 சீட்டைக் காணவில்லை. யாரும் களவெடுக்கவில்லை, யாரும் கூட்டத் தெரியாதவரும் இல்லை.

கணினிக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டால் இதுதான் நடக்கும். வழக்கமான வைத்தியம் பூட்டு. மேசையில் ஒரே பேனா, பேனா கையில் இருப்பவர் மட்டும் கொப்பியைத் தொடலாம். நல்ல ஏற்பாடுதான், மச்சான் பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போகும் வரை.

இன்னொரு வழி இருக்கிறது. கொப்பி ஒருவருக்கு மட்டும் சொந்தம். மற்றவர்கள் தாங்கள் விற்றதை ஒரு துண்டில் எழுதி அவருடைய பெட்டிக்குள் போடுவார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டுவார். மச்சான் மயங்கி விழுந்தாலும் கொப்பிக்கு ஒன்றும் ஆகாது. தனக்கென்று தனி நினைவகம் வைத்துக்கொண்டு ஓடும் இப்படியான வேலையைத்தான் புரொசெஸ் என்கிறோம். துண்டு எழுதிப் போடுவதுதான் செய்தி அனுப்புவது.

சீட்டுக் கணக்கு பிழைத்தால் கோயில் நிர்வாகம் சத்தம்போடும், அவ்வளவுதான். தெராக்-25 விஷயம் அப்படி முடியவில்லை. அது புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுப்பதற்காகக் கனடாவின் அரச அணுசக்தி நிறுவனம் செய்த இயந்திரம். 1985 முதல் 1987 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது. குறைந்தது மூன்று பேர் அதனால் இறந்தார்கள். 1986இல் ரெக்ஸாஸ் மாநிலத்தின் ரைலர் நகரில் என்ன நடந்தது என்பது பிறகு தெரியவந்தது. விசைப்பலகையைக் கவனிக்கும் வேலையும் காந்தங்களைச் சரிப்படுத்தும் வேலையும் நினைவகத்தில் ஒரே இடங்களைப் பொதுவாகப் பயன்படுத்தின. காந்தங்கள் தயாராக ஏறக்குறைய 8 செக்கன் எடுக்கும். வேலையில் கை பழகிய ஓப்பரேட்டர், தட்டிய பிழையை அந்த 8 செக்கனுக்குள் திருத்திவிட்டால் திருத்தம் திரையில் தெரியும், இயந்திரத்துக்குப் போய்ச்சேராது. மெதுவாகத் தட்டினால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதனால்தான் சோதித்துப் பார்த்தவர்களுக்கு முதலில் எதுவுமே பிடிபடவில்லை. வேறு குறைகளும் இருந்தன: பழைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளையே நம்பியிருந்தார்கள்.

துண்டும் பெட்டியும் வைக்கும் யோசனை அதற்கு முன்னரே பிறந்துவிட்டது. டென்மார்க்கின் ரெக்னெசென்ட்ராலன் நிறுவனத்தில் பெர் பிரிஞ்ச் ஹான்சன் என்பவர் 1969இல் ஆர்.சி. 4000 என்ற கணினிக்கு எழுதிய அமைப்பில் ஒவ்வொரு புரொசெஸுக்கும் ஒரு செய்தி வரிசை இருந்தது. செய்தி அனுப்பு, செய்திக்குக் காத்திரு, பதில் அனுப்பு, பதிலுக்குக் காத்திரு. நான்கே நான்கு கட்டளைகள். 1973இல் அமெரிக்காவில் எம்.ஐ.ரி.யில் கார்ல் ஹூவிற்றும் சகாக்களும் 'அக்டர்' என்ற பெயரில் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே எழுதினார்கள். 1978இல் ரொனி ஹோர் எழுதிய கட்டுரையில் பெட்டியும் கிடையாது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் வந்து நின்று கைக்குக் கை மாற்றவேண்டும். கூகுளின் 'கோ' மொழியில் நீங்கள் எழுதியிருந்தால் இந்த ஹோரின் வாரிசோடு பழகியிருக்கிறீர்கள்.

ஹோர் பிறந்தது கொழும்பில், 1934இல். பெற்றோர் ஆங்கிலேயர், தகப்பன் குடியேற்ற அரசின் அதிகாரி, தாயின் தகப்பன் தேயிலைத் தோட்டத் துரை. (அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் யார் என்பதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.)

இவர்கள் எல்லோரும் ஆய்வாளர்கள். யோசனையைத் தினமும் கோடிக்கணக்கான மனிதர்கள் நம்பும் பொருளாக மாற்றியவர்கள் தொலைபேசிக்காரர்கள். தொலைபேசி இணைப்பகம் ஒரே நேரத்தில் பல்லாயிரம் அழைப்புகளைத் தாங்கும். உங்கள் அழைப்பில் வரும் வழு பக்கத்து வீட்டுக்காரர் அம்புலன்ஸுக்கு எடுக்கும் அழைப்பை வெட்டக் கூடாது. பழுது பார்க்கவென்று முழுவதையும் நிறுத்தவும் முடியாது. எரிக்சனின் ஏ.எக்ஸ்.ஈ. என்ற இணைப்பகம் 1976இல் சுவீடனின் சோடர்தெல்யெ நகரில் ஓடத் தொடங்கியது. அதன் மென்பொருள் தனித்தனிக் கட்டங்களாக இருந்தது. ஒவ்வொரு கட்டமும் தன் தரவைத் தானே வைத்துக்கொண்டு மற்றதற்கு 'சிக்னல்' அனுப்பியது. அதற்கென்று இருந்த பிளெக்ஸ் மொழி அந்த இயந்திரத்துக்கு மட்டுமே உரியது.

1980களின் நடுப்பகுதியில் எரிக்சனின் கணினி அறிவியல் ஆய்வுகூடத்தில் ஜோ ஆம்ஸ்ரோங், ரொபேர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் தொலைபேசி மென்பொருளை இதைவிட நன்றாக எழுத முடியாதா என்று தேடத் தொடங்கினார்கள். 1986இல் ஆம்ஸ்ரோங் புரொலொக் மொழிக்குள் வைத்துக் கட்டிய பரிசோதனைதான் எர்லாங்கின் ஆரம்பம். பெயர் தொலைபேசி நெரிசலைக் கணக்கிட வழிசொன்ன டேனிஷ் கணிதவியலாளர் ஏ. கே. எர்லாங்குடையது. 'எரிக்சன் லாங்குவேஜ்' என்றும் காதில் விழும். ஹூவிற்றின் அக்டர் கோட்பாட்டைத் தாங்கள் அப்போது கேள்விப்பட்டதே இல்லை என்று விர்டிங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒருவரை ஒருவர் அறியாமல் இரண்டு கூட்டம் ஒரே வாசலில் வந்து நின்றிருக்கிறது, ஒன்று கணிதத்திலிருந்து, மற்றது மணியடிக்கும் தொலைபேசியிலிருந்து.

எர்லாங்கில் செய்தி அனுப்புவதற்கான குறி ஒரு ஆச்சரியக்குறி. இடப்பக்கம் யாருக்கு, வலப்பக்கம் என்ன செய்தி. செய்தி பிரதியெடுக்கப்பட்டு மற்றவரின் பெட்டிக்குள் விழும். அனுப்பியவர் தன் வேலையைத் தொடரலாம். ஒரு புரொசெஸுக்குச் சில கிலோபைற்று நினைவகம் போதும், ஆகவே ஒரே கணினியில் இலட்சக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆனால் உண்மையான துணிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. நிரலில் பிழை இருக்கத்தான் செய்யும் என்று அவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். ஒரு புரொசெஸ் குழம்பிவிட்டால் அதைத் தடவிக்கொடுத்து ஓடவைக்காதே, விழுந்தால் விழட்டும். அது விழும்போது அதனுடன் இணைக்கப்பட்ட இன்னொரு புரொசெஸுக்குச் செய்தி போகும். அந்தக் காவலாளி புதிதாக ஒன்றைத் தொடக்கிவிடும். விழுந்தவர் தானே எழும்பி நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதே இல்லை.

செய்தி அனுப்பினாலே எல்லாம் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1990 ஜனவரி 15ஆம் திகதி அமெரிக்காவின் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் தூர அழைப்பு வலையமைப்பு ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம் தடுமாறியது. நியூயோர்க்கில் ஒரு இணைப்பகம் சிறு கோளாறினால் தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொண்டு, 'நான் திரும்பி வந்துவிட்டேன்' என்ற பொருளில் அயல் இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பியது. அடுத்தடுத்து வந்த செய்திகளைக் கையாளும் இடத்தில் ஒரு வழு இருந்ததால் அவை விழுந்தன. விழுந்து எழும்பியவை தங்கள் அயலவருக்கு அதே செய்தியை அனுப்பின. 114 இணைப்பகங்களிலும் ஒரே நிரல், ஒரே வழு. இது எர்லாங்கில் எழுதியது அல்ல, சி மொழியில். ஆனாலும் தொற்றிய வழி செய்திதான். பெட்டிக்குள் வந்து விழும் துண்டை வாசிக்கிறவரும் கவனமாக இருக்கவேண்டும்.

எரிக்சனுக்குத் திரும்புவோம். 1987இல் தொடங்கிய ஏ.எக்ஸ்.ஈ.-என் என்ற பெரிய திட்டம் 1995 டிசம்பரில் கைவிடப்பட்டது. அந்த இடத்தில் வந்தது ஏ.எக்ஸ்.டி. 301 என்ற கருவி, எர்லாங்கில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான வரிகள். அதன் நம்பகத்தன்மைக்கு 99.9999999 வீதம் என்று ஓர் எண் சுற்றித் திரிகிறது. 31 வருடத்துக்கு ஒரு செக்கன் நிற்கும் என்று அர்த்தம். எர்லாங்காரர்களே அதைப் பற்றி வாதாடுவார்கள், நீங்களும் உப்புப் போட்டே வாங்குங்கள்.

பிறகுதான் தடை. அதை முட்டாள்தனம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகத்தில் வேறு யாரும் பேசாத ஒரு மொழியை ஒரு நிறுவனம் தனியே சோறுபோட்டு வளர்க்கவேண்டுமா, எல்லோரும் பயன்படுத்தும் மொழிக்குப் போனால் ஆட்களாவது கிடைப்பார்களே என்று கணக்குப் பார்த்தார்கள். தமிழ் வகுப்புக்குக் காசு கட்டும் பெற்றோரிடம் சிலர் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய இதுதான்.

குழு ஒரு வேலை செய்தது. இங்கே வேண்டாம் என்றால் வெளியே விடுங்கள் என்று கேட்டு, 1998 டிசம்பரில் எர்லாங்கைத் திறந்த மூலமாக வெளியிடவைத்தார்கள். யாரும் இலவசமாக எடுக்கலாம். உடனேயே ஆம்ஸ்ரோங் உட்படப் பலர் வேலையை விட்டுப் போய் புளூரெய்ல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2000இல் அதை ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கியது. 2004இல் எரிக்சன் ஆம்ஸ்ரோங்கைத் திரும்ப வேலைக்கு எடுத்தது. தடையும் சத்தமில்லாமல் போய்விட்டது.

இதற்கிடையில் ஈஜாபர்டி என்ற இலவச அரட்டை சேர்வர் எர்லாங்கில் எழுதப்பட்டிருந்தது. 2009இல் வட்ஸ்அப்பைத் தொடங்கியவர்கள் அதை எடுத்துத்தான் தங்கள் சேர்வரைக் கட்டத் தொடங்கினார்கள். இருவரில் ஒருவரான ஜான் கூம் 16 வயதில் உக்ரைனிலிருந்து தாயுடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர், தகப்பன் அங்கேயே நின்றுவிட்டார். ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டிச் சுரண்டி ஊருக்குப் பேசிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு அது எப்படியான வீடு என்று விளக்கத் தேவையில்லை.

சேர்வரில் இணையும் ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு எர்லாங் புரொசெஸ். யாரோ ஒருவருடையது விழுந்தால் அது மட்டும்தான் விழும். 2012இல் ஒரே சேர்வரில் 20 இலட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளைத் தாங்கவைத்திருந்தார்கள். 2014 பெப்ரவரியில் பேஸ்புக் 1,900 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது மாதந்தோறும் 45 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினார்கள், பொறியியலாளர்கள் 32 பேர்.

எர்லாங் இன்றும் இலவசம். உங்கள் மடிக்கணினியில் இறக்கி, ஓர் இலட்சம் புரொசெஸ்களைத் தொடக்கி, நடுவில் ஒன்றைக் கொன்று பாருங்கள். மற்ற 99,999உம் என்ன செய்கின்றன என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள்.