செவிப்புல இழப்பும் சான்றுச் சுமையும்

குண்டடிபட்ட காலுக்குத் தழும்பே சான்றாகும். பீரங்கி ஒலியால் மங்கிய செவிக்கு அத்தகைய தழும்பு இல்லை. உட்செவியின் நுண்ணிய மயிரணுக்கள் ஆண்டுக்கணக்கில் சிதைவதால் கேட்கும் திறன் சிறிது சிறிதாகக் குறைகிறது. காதிரைச்சலும் தலைச்சுற்றலும் உடன் வரலாம். இக்குறை படைப்பணியால் நேர்ந்ததா என்பதே முன்னாள் வீரர்தம் ஊன ஓய்வூதியக் கோரிக்கைகளில் எழும் முதல் வினா.

1982ஆம் ஆண்டுத் தகுதி விதிகள் 'பணியால் விளைந்தது', 'பணியால் மிகுந்தது' என இரு நிலைகளை வகுத்தன. ஐயத்தின் பயன் கோருவோர்க்கே உரியது என்றும் கூறின. ஆயினும், மருத்துவக் குழு காரணம் காட்டாது எழுதிய 'தொடர்பில்லை' என்னும் ஒற்றைச் சொல்லே பல கோரிக்கைகளை முடித்துவைத்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு 2009இல் தில்லியில் தொடங்கிய பின்னர் இவ்வழக்குகள் அதன்முன் வந்தன.

2013 ஜூலை 2 அன்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சிக்கலைத் தெளிவுபடுத்தியது. பணியில் சேர்ந்தபோது எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பில் நோய் இடம்பெறவில்லையெனில் அது பணியால் நேர்ந்ததாகவே கொள்ளப்படும். மறுப்பின் அரசே மெய்ப்பிக்க வேண்டும். எழுதப்படாமையே சான்றாக நிற்பது ஆவண வரலாற்றில் அரிய நிலையாகும். நலக்குறைவால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் ஊனத்தை 20 விழுக்காட்டிற்கு மேற்பட்டதாகவே கருதவேண்டும் எனச் சுக்விந்தர் சிங் வழக்கு (2014) மேலும் உரைத்தது.

பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்க்கு இக்கருதுகோள் துணை செய்யாது. அவர்தம் செவிக்குறையை 19 விழுக்காடு எனக் குழு மதிப்பிட்டால், அது பணியால் விளைந்ததென ஏற்கப்பட்டாலும் ஊனக்கூறு கிட்டுவதில்லை.