வரைபட முறையில் நேரியல் சமன்பாடுகளைத் தீர்த்தல்

வரைபட முறை என்பது இரு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாட்டுத் தொகுதியின் தீர்வை, அச்சமன்பாடுகளுக்குரிய நேர்கோடுகளை ஆயத்தளத்தில் வரைந்து காணும் முறை ஆகும். ஒரு கோட்டின் மீதுள்ள ஒவ்வொரு புள்ளியும் அக்கோட்டின் சமன்பாட்டை நிறைவு செய்யும். ஆகவே இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி இரு சமன்பாடுகளையும் ஒருங்கே நிறைவு செய்கிறது. பியேர் டி பெர்மா, ரெனே டேக்கார்ட் ஆகியோர் 17 ஆம் நூற்றாண்டில் வளர்த்த ஆயத்தொலை வடிவியல் இம்முறைக்கு அடிப்படையாகும். டேக்கார்ட்டின் 'வடிவியல்' 1637 இல் வெளிவந்தது.

எடுத்துக்காட்டு

ய கிடை அச்சையும் ர நிலைக்குத்து அச்சையும் குறிக்கட்டும்.

ய + ர = 7
2ய − ர = 2

முதற் கோடு (0, 7), (7, 0) ஆகிய புள்ளிகள் வழியாகவும், இரண்டாவது கோடு (1, 0), (5, 8) ஆகிய புள்ளிகள் வழியாகவும் செல்லும். அவை (3, 4) இல் வெட்டுகின்றன. சரிபார்த்தல்: 3 + 4 = 7; 6 − 4 = 2. எனவே தீர்வு ய = 3, ர = 4.

மூன்று நிலைகள்

* கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டினால் ஒரேயொரு தீர்வு உண்டு.
* கோடுகள் இணையானால் தீர்வு இல்லை. எ.கா: ய + ர = 7, ய + ர = 5.
* கோடுகள் ஒன்றன்மீது ஒன்று பொருந்தினால் எண்ணற்ற தீர்வுகள் உண்டு. எ.கா: ய + ர = 7, 2ய + 2ர = 14.

குறைபாடுகள்

தீர்வு 10/7 போன்ற பின்னமாயின் அதனை வரைபடத்தாளில் துல்லியமாகப் படிக்க இயலாது. கோடுகள் ஏறத்தாழ இணையாக இருப்பின் சிக்கல் மிகும். ர = ய, ர = 1.01ய − 0.1 ஆகியன (10, 10) இல் வெட்டுகின்றன. 0.1 என்பதை 0.11 என மாற்றினால் வெட்டும் புள்ளி (11, 11) ஆகிவிடும். கோட்டை நூற்றில் ஒரு பங்கு நகர்த்தியதற்கு விடை முழுதாக ஓர் அலகு நகர்கிறது; பென்சில் கோட்டின் தடிப்பே இப்பிழைக்குப் போதுமானது. இதனால் வரைபடத்தில் கண்ட விடையைச் சமன்பாடுகளில் பிரதியிட்டுச் சரிபார்த்தல் இன்றியமையாதது. துல்லியமான விடைக்கு நீக்கல் முறை அல்லது பிரதியிடல் முறை பயன்படுகிறது.

பயன்பாடு

தொடருந்துக் கால அட்டவணைகளை வரைபடமாகத் தீட்டும் வழக்கம் 19 ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. பாரிசு - லியோன் பாதைக்கான அத்தகைய வரைபடம் ஒன்றை எத்தியேன் சூல் மரே 1878 இல் தம் நூலில் வெளியிட்டார். ஓர் அச்சு நேரத்தையும் மற்றொன்று தொலைவையும் குறிக்கும். சீரான வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நேர்கோடாகும். எதிரெதிரே வரும் வண்டிகளின் கோடுகள் வெட்டுமிடம் அவை சந்திக்கும் இடமும் நேரமும் ஆகும். ஒற்றைப் பாதையில் அப்புள்ளி, வண்டிகள் ஒதுங்க வசதியுள்ள ஒரு நிலையத்தில் அமையவேண்டும். இல்லையேல் மோதல் நேரும்.