பழைய மடிக்கணினியும் திருமழபாடிக் கல்வெட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

தீபத்துக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவி ஒருத்தி, கிரிவலம் முடித்த மறுநாள் வீட்டுக்கு வந்தாள். பையில் ஒரு மடிக்கணினி. பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அவள் வேலைக்குப் போன பிறகு அவளுடைய அப்பா அதைப் பயன்படுத்திக் கொண்டிருந்தார். அவர் என்னோடு பணியாற்றிய தமிழாசிரியர். கொரோனா காலத்தில் போய்விட்டார்.

"கடையில காட்டினேன் சார். புது விண்டோஸ் இதுல ஏறாதாம். எல்லாத்தையும் அழிச்சிட்டு வேணா ஏதாவது போட்டுத் தரேன்றாங்க. இல்லன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கச் சொல்றாங்க."

"இரும்மா, அவசரப்படாதே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

கொள்ளிடக் கரையில் திருமழபாடி என்று ஓர் ஊர், இன்றைய அரியலூர் மாவட்டத்தில். அங்குள்ள கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அந்த ஆணையில் இன்னொன்றும் இருந்தது: சுவரைப் பிரிக்கும் முன், அதிலுள்ள கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. கட்டடம் புதிது, எழுத்து பழையது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் 'பேக்கப்' எடுத்த பிறகுதான் சுவரில் கை வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த மடிக்கணினியின் கதை. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கி வைத்தார். நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். அதில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கணினியைத் திறந்ததும் "எது வேண்டும்?" என்று கேட்கும். பெரும்பாலோர் பாஸ் பக்கம் போனதே இல்லை. அதை உருவாக்கியது சென்னையிலுள்ள சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம். டெபியன் என்ற கட்டற்ற மென்பொருளின் மீது கட்டப்பட்டது. இந்திய மொழிகளில் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. 1995-இல் வந்த விண்டோஸ் 95-க்கு 4 எம்பி ராம் இருந்தால் போதும். 2001-இல் எக்ஸ்பி வந்தபோது 64 எம்பி. 2009-இல் விண்டோஸ் 7-க்கு 1 ஜிபி. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி, அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இந்தக் கணினியிலோ 2 ஜிபி ராம்தான், அந்தச் சில்லும் இல்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆதரவு நின்றால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைத்துத் தர மாட்டார்கள். அதனால்தான் நன்றாக ஓடுகிற கணினிகள்கூட ஊரெங்கும் பழைய சாமான் கடைக்குப் போகின்றன.

முதல் வேலையாக வன்தட்டில் இருந்ததையெல்லாம் வெளியே படியெடுத்தோம். அப்பாவின் பெயரில் ஒரு கோப்புறை. திறந்தால் உள்ளே தமிழே இல்லை. தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகப் பக்கம் பக்கமாக ஓடியது. அந்தப் பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. "கெட்டுப்போச்சா சார்?"

கெடவில்லை. அவர் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்தவர். ஒருகாலத்தில் அரசு அலுவலகங்களில் அதுதான் வழக்கம். அந்த முறையில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. பாமினிக்கும் இதே கதைதான். ஆளுக்கொரு முறை இருந்ததால் ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க முடியாது. இதைச் சரிசெய்யத்தான் 1999-இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. நீங்கள் இன்றும் தட்டும் தமிழ் 99 விசைப்பலகை அதன் விளைவு. யூனிகோடிலோ 1991-லேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஆனாலும் எக்ஸ்பி கணினியில்கூடத் தமிழ் ஒழுங்காகத் தெரிய, குறுந்தகட்டைப் போட்டுத் தனியாக ஒரு வசதியை நிறுவ வேண்டியிருந்தது. கடைசியில் 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடைத் தமிழக அரசு தன் தரமாக ஏற்றது. அந்த ஆணைக்குப் பிறகும் பழகிய கை பழையதையே தட்டியது. என் நண்பரும் அப்படித்தான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் அவர் கோப்புகளைப் போட்டோம். முதல் பக்கம் தமிழாக வந்து நின்றபோது இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. நம் வட்டாரத்து ஏரிகள், மதகுகள், அவற்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர்கள், எந்தப் பெரியவரிடம் கேட்டது என்ற குறிப்புகள். அவர் இப்படி ஒரு வேலை செய்துகொண்டிருந்தது எனக்கே தெரியாது. வன்தட்டு பழுதானதால் சில கோப்புகள் கடைசிவரை திறக்கவில்லை. அவற்றில் என்ன இருந்ததோ, அது போனது போனதுதான்.

அதன் பிறகுதான் மேம்படுத்தும் வேலை. பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டோம். ராமை 4 ஜிபி ஆக்கினோம். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. லினக்ஸ் மிண்டின் எளிய பதிப்பான எக்ஸ்எஃப்சிஈயை ஒரு பென்டிரைவில் ஏற்றி, முதலில் நிறுவாமலே ஓட்டிப் பார்த்தோம். வைஃபை, ஒலி, திரை எல்லாம் சரியாக இருந்தபின் நிறுவினோம். அதுவும் பாஸ் போலவே டெபியன் வழி வந்த பிள்ளைதான். 2012-இல் நாம் தொடாமல் விட்ட கதவு வழியாகத்தான் இப்போது உள்ளே போயிருக்கிறோம். கனமான விளையாட்டெல்லாம் அதில் ஓடாது. எழுதவும் படிக்கவும் வகுப்பு கேட்கவும் தாராளமாகப் போதும். இப்போது அவளுடைய தம்பி மகள் அதில் படிக்கிறாள்.

நம் அண்ணாமலையார் கோயிலில் கடைசியாக 2017 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. கோபுரம் பழையது என்று யாரும் இடிக்கவில்லை. செடியைப் பிடுங்கி, விரிசலைப் பூசி, வண்ணம் தீட்டி, மறுபடி நீர் ஊற்றினோம். கணினிக்கும் அந்தப் பொறுமையில் கொஞ்சம் காட்டலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு மடிக்கணினி கிடக்கலாம். அப்பா, அம்மா, தாத்தா எழுதியது ஏதாவது அதில் இருக்கலாம். திறந்ததும் புரியாத எழுத்தாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். முதலில் படியெடுங்கள், பிறகு பிரியுங்கள். வழி தெரியாவிட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டில்தான் இருக்கிறேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.