துரை பங்களாவில் ரெண்டு ராத்திரி

தோப்பும்படிக்குக் குடிவந்து ஏழு வருஷமாச்சு. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இங்கே மாடியில் நின்றால் ஹார்பர் பாலம் தெரியும். அதைத் தாண்டினால் பிரிஸ்டோ துரை காயலைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி உண்டாக்கிய வில்லிங்டன் தீவு. கொச்சியில் 1947-லிருந்து தேயிலை ஏலம் நடக்கிறதென்று எனக்குப் போன வருஷம்தான் தெரியும். (தினம் நாலு டீ குடிக்கிறவனின் லட்சணம் இது!)

சரி, அந்தத் தேயிலை வரும் மலையைத்தான் பார்ப்போமே என்று டிசம்பரில் மூணாறு போனோம். தங்கியது எஸ்டேட்டுக்குள் ஒரு பழைய துரை பங்களா. மரத்தரை, கணப்பு அடுப்பு, வாசலிலிருந்தே நடைபாதை. இப்போது வாடகைக்கு விடுகிறார்கள்.

பங்களாவைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சிதான் காலையில் நடக்கக் கூட்டிப்போனார். பேச்சைக் கேட்டதுமே, "எந்த ஊரு அண்ணாச்சி?" என்றேன்.

"கயத்தாறு. தாத்தா காலத்துல கங்காணி கூட்டியாந்தது."

அட, நம்ம ஊருக்குப் பக்கம்!

1877-ல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து மன்றோ என்ற வெள்ளைக்காரர் இந்தக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். சுமார் 227 சதுர மைல். காட்டை அழித்துச் செடி வைக்க ஆள் வேண்டுமே? திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து சனங்கள் மலையேறினார்கள். அவர்கள் பறித்த தேயிலை முதலில் கொச்சிக்கு வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்க பக்கம்தான் போயிருக்கிறது! 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, காளை மாடுகளை விட்டு இழுத்திருக்கிறார்கள். 1908-ல் அது இஞ்சின் ஓடும் சின்ன ரயிலானது. டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே, அப்புறம் போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம்.

1924 ஜூலையில் பெருவெள்ளம். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள். ரயில் போச்சு, மாங்குளம் வழியாக ஆலுவாய்க்குப் போன பழைய பாதையும் போச்சு. ரயிலைத் திரும்பப் போடவேயில்லை. நேரியமங்கலம் வழியாகப் புது ரோடு போட்டு, 1935-ல் அங்கே பாலமும் திறந்தார்கள். அதற்குள் பிரிஸ்டோவின் துறைமுகமும் தயார். தேயிலை திசை மாறி மேற்கே இறங்கிவிட்டது. பறித்தவர்கள் மலையிலேயே இருந்துவிட்டார்கள்.

அண்ணாச்சி கீழே கை காட்டினார். ஓடைப் பக்கம் வரிசையாக லயங்கள். பங்களா மட்டும் மேட்டில். துரைக்கு இடம் பார்த்துக் கட்ட அவகாசம் இருந்திருக்கிறது.

"பெட்டிமுடி தெரியுமா சார்?"

தெரியும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். அதில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் கயத்தாறு. அண்ணாச்சியின் சொந்தங்களும் உண்டு. யார், என்ன முறை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் மனைவி கொழுந்து எடுக்கிறார். இன்னும் ரெண்டு வருஷம்தான் வேலை. ரிட்டயரானால் லயத்தைக் காலி பண்ண வேண்டும்.

"ஊருக்கே போயிரலாமே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அங்க என்ன சார் இருக்கு? எங்க அப்பாவே இங்க பொறந்தவரு."

அன்றைக்கு ராத்திரி கணப்பு மூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். என் மகன் சுவரில் மாட்டியிருந்த துரைமார் போட்டோக்களை எண்ணிக்கொண்டிருந்தான். பதினொன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரே ஒரு படத்தில்தான் இருந்தார்கள், தூரத்தில், பெயர் போடவில்லை.

கிளம்பும்போது அண்ணாச்சி ஒரு கிலோ டீத்தூள் பொட்டலம் கொடுத்தார். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகிற வழியில், கயத்தாறில் அவர் சின்னம்மா வீட்டில் சேர்க்கணுமாம். விலாசம் கேட்டால், "பஸ் ஸ்டாண்டுல இறங்கி மூணாத்துக்காரங்க வீடுன்னு கேளுங்க" என்கிறார்.